தண்ணீர் கொழுப்பைக் கரைக்குமா? உடம்பின் நீர்க்கணக்கு, அடிப்படையிலிருந்து

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் விடியற்காலை ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் பிரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் இடம்) நேரமாகிவிட்டதே என்று தே தாரேக்கை (இனிப்புக் கெட்டிப்பால் தேநீர்) ஊதி ஊதிக் குடித்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஒன்றரை லிட்டர் போத்தலைத் தொங்கவிட்டுக்கொண்டு செம்பனைக் காட்டுக்குப் புறப்படுகிறார். இன்னொருவர் வேலை ஓய்வு பெற்றவர். வாட்சப்பில் வந்த செய்தியை நம்பி வெறும் வயிற்றில் நான்கு கிளாஸ் வெந்நீரை மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, தொப்பை இறங்கும் என்று காத்திருக்கிறார். முதலாமவர் கொண்டுபோகும் தண்ணீர் அவருக்குப் பத்தாது. இரண்டாமவர் குடித்ததில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் கழிப்பறைக்குப் போய்விடும். ஆனால் இருவருக்கும் ஊர் சொல்லும் புத்தி ஒன்றுதான்: "நல்லா தண்ணி குடிங்க, உடம்பு சுத்தமாகும், எடை குறையும்."

இந்தப் புத்திமதியில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. உடம்புக்கு எவ்வளவு நீர் வேண்டும், கழிவு எப்படி வெளியேறுகிறது, எடை எதனால் குறைகிறது. மூன்றையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். அதற்கு முதலில் அடுப்படிக்குப் போக வேண்டும்.

ரசப் பானை

அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டே இருக்கட்டும். தண்ணீர் ஆவியாகப் போகிறது, போட்ட உப்பு போட்டபடி இருக்கிறது. அரை மணி கழித்து ருசி பார்த்தால் கரிக்கும். யாரும் பானையில் எத்தனை மில்லி குறைந்தது என்று அளப்பதில்லை. நாக்கில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் தண்ணீர் விடுகிறார்கள்.

உடம்பும் பெரும்பாலும் இதையேதான் செய்கிறது. வளர்ந்த ஆணின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதமும் பெண்ணின் எடையில் 50 சதவீதமும் நீர். அந்த நீர் வெறும் தண்ணீர் அல்ல, உப்புத் தண்ணீர். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சாதாரண 'டிரிப்' பையில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பது அதனால்தான். ரத்தத்தின் கரிப்புக்கு அது ஈடு. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதுதான் ருசி பார்க்கும் ஆள். ரத்தத்தின் கரிப்பு 1 அல்லது 2 சதவீதம் ஏறினாலே அதற்குத் தெரிந்துவிடும்.

தெரிந்ததும் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, தாகம். மற்றொன்று நம் கண்ணுக்குத் தெரியாதது: மூளை, வாசோபிரசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் "குழாயை மூடு" என்ற செய்தி அது. செய்தி போய்ச் சேர்ந்ததும் சிறுநீரகம் தன் கையில் இருக்கும் நீரை ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. சிறுநீர் குறைகிறது, நிறம் கெட்டியாகிறது. நாம் நிறையக் குடித்துவிட்டால் இதற்கு நேர்மாறு. கரிப்பு இறங்கும், வாசோபிரசின் நிற்கும், குழாய் திறக்கும், வெள்ளைச் சிறுநீராக வெளியே போகும்.

ஓய்வு பெற்றவரின் நான்கு கிளாஸுக்கு நடப்பது இதுதான். காலை ஏழு மணிக்குக் குடித்த ஒரு லிட்டரைப் பத்து மணி வெயிலுக்கென்று உடம்பு எடுத்து வைக்காது. உடம்பில் ஒட்டகத்துத் தொட்டி கிடையாது. (ஒட்டகத்துக்கும் கிடையாது. அதன் திமிலில் இருப்பது கொழுப்பு.)

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: உடம்பு அளப்பது தண்ணீரின் அளவை மட்டும் அல்ல, முக்கியமாக அதன் கரிப்பை. கரிப்பு கூடினால் தாகமும் கெட்டியான சிறுநீரும். குறைந்தால் தாகம் இல்லை, வெளிறிய சிறுநீர்.

மாங்காய் ஏன் தண்ணீர் விடுகிறது

ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால், மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும். யாரும் ஊற்றவில்லை. மாங்காயின் உள்ளிருந்த நீர், வெளியே உப்பு அதிகம் இருந்த பக்கம் இழுக்கப்பட்டு வந்தது. திராட்சை வற்றலை வெறும் நீரில் போட்டால் எதிர்ப்பக்கம் நடக்கும். நீர் உள்ளே போக, வற்றல் உப்பிப் பெரிதாகும். மெல்லிய தோலைக் கடந்து, கரிப்போ இனிப்போ கூடுதலாக உள்ள பக்கத்துக்கு நீர் நகர்வதைச் சவ்வூடுபரவல் என்கிறோம்.

நம் உடம்பின் செல்கள் ஒவ்வொன்றும் அப்படி ஒரு மெல்லிய தோலுக்குள் இருக்கின்றன. ரத்தம் கரித்தால் செல்லிலிருந்து நீர் வெளியே வரும், செல் சுருங்கும். ரத்தம் நீர்த்துப் போனால் நீர் உள்ளே ஏறும், செல் உப்பும். கையோ காலோ உப்பினால் தாங்கிக்கொள்ளலாம். மூளை மண்டையோட்டுக்குள் இருக்கிறது, உப்புவதற்கு இடம் இல்லை. அளவுக்கு மீறிக் குடிப்பது ஏன் ஆபத்து என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

எட்டு கிளாஸ் எங்கிருந்து வந்தது?

நாளைக்கு எட்டு கிளாஸ் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். 1945-இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் ஒரு பரிந்துரை வெளியிட்டது. சாப்பிடும் ஒவ்வொரு கலோரிக்கும் ஒரு மில்லி நீர், அதாவது நாளைக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர். அதற்கு அடுத்த வரியிலேயே, இதில் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே இருக்கிறது என்றும் சொல்லியிருந்தது. முதல் வரி ஊரெல்லாம் சுற்றியது, இரண்டாவது வரி காணாமல் போனது. எட்டு கிளாஸ் கதை இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும் என்பது பலரின் கருத்து.

உணவில் அவ்வளவு நீர் இருக்கிறதா என்று கேட்பவர்கள், ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர் வைப்பதை நினைத்துப் பார்க்கலாம். வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு நீர். வெள்ளரிக்காயில் 95 சதவீதம். ரசம், மோர், கஞ்சி, கீரைக் குழம்பு பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவரின் ஒரு நாள் கணக்கைப் போடுவோம். சிறுநீராக 1 முதல் 1.5 லிட்டர், தெரியாமலே மூச்சிலும் தோலிலும் 800, 900 மில்லி, மலத்தில் 100 முதல் 200 மில்லி. செலவு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை லிட்டர். வரவில், உணவிலிருந்து 700 மில்லி முதல் ஒரு லிட்டர்வரை கிடைக்கும். உணவை எரிக்கும்போது உடம்பே ஏறக்குறைய 300 மில்லி நீரை உண்டாக்கிக்கொள்ளும். மிச்சம் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் குடித்தாக வேண்டும். நம் நாட்டுப் புழுக்கத்துக்குக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். மலேசிய உணவு வழிகாட்டி சொல்லும் 6 முதல் 8 கிளாஸ், அதாவது ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஒரு கிளாஸ் என்றால் 250 மில்லி; ஒட்டுக்கடைக் கிளாஸ் ஐஸ் போட்டால் பெரிதாகத் தெரியும், உள்ளே இருப்பது அவ்வளவு இருக்காது.

தேநீரும் கோப்பியும் உடம்பின் நீரை வெளியேற்றிவிடும், ஆகவே கணக்கில் சேராது என்பார்கள். வழக்கமாகக் குடிப்பவர்களுக்கு அப்படி இல்லை. நாளுக்கு நான்கு கப் கோப்பி குடித்த 50 ஆண்களையும், அதே அளவு தண்ணீர் குடித்தபோது இருந்த அவர்களது நிலையையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2014-இல் வந்தது. உடம்பின் நீர்நிலையில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. கோப்பியில் சிக்கல் அதன் நீரில் இல்லை, அதில் விழும் பாலிலும் சீனியிலும்தான்.

போதுமா போதாதா என்று பார்க்க, தாகத்தோடு சிறுநீரின் நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். இளம் வைக்கோல் நிறம் என்றால் சரி. ஆப்பிள் ஜூஸ் போல் கெட்டியாக இருந்தால் குறைவு. நாள் முழுக்கத் தண்ணீர் போலவே இருந்தால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் யாருக்கும் கெட்டிதான், அதை வைத்து முடிவு கட்டக்கூடாது. வைட்டமின் மாத்திரை போட்டால் பளிச்சென்று மஞ்சளாக வரும், அதற்கும் நீருக்கும் தொடர்பில்லை.

வயதானவர்களிடம் தாகத்தை மட்டும் நம்ப முடியாது. ருசி பார்க்கும் அந்த ஆளுக்கு வயதாகி நாக்கு மரத்துவிடுகிறது. பாட்டி "தாகமே இல்லப்பா" என்றால் அது உண்மைதான், ஆனால் நீர் போதும் என்று அதற்கு அர்த்தமில்லை. சாப்பாட்டோடு ஒரு கிளாஸ், மருந்தோடு ஒரு கிளாஸ், பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் ஒவ்வொன்று என்று நேரத்தோடு கட்டிவிடுவது நல்லது. படுக்கப் போகும் முன் இரண்டு மணி நேரத்தில் குறைத்துக்கொண்டால், நடுராத்திரி கழிப்பறைக்கு எழுந்து தடுக்கி விழுவது தவிரும்.

செம்பனைக் காட்டில் வேறு கணக்கு

மேலே சொன்னது நிழலுக்கு. குலை வெட்டுபவருக்கு அந்தக் கணக்கு ஆகவே ஆகாது.

வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்வதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலில் காய்ந்தால் ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். செம்பனை மட்டைகளுக்கு அடியில் காற்று நிற்கிறது, ஈரப்பதம் மிகுதி. வியர்வை காயாமல் சொட்டுகிறது. சொட்டினால் குளிர்ச்சி இல்லை. உடம்பு இன்னும் வியர்க்கிறது. வெயிலில் கடின வேலை செய்பவர் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர்வரை இழப்பது சாதாரணம்.

வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வுக் கழகம் சொல்லும் அளவு எளிது: 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு கிளாஸ், அதாவது 240 மில்லி. ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டருக்கு மேல் வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒரு கிளாஸ் என்றால் மணிக்கு 720 மில்லி. ஐந்து மணி நேர வேலைக்கு 3.6 லிட்டர். தொங்கும் அந்த ஒன்றரை லிட்டர் போத்தலில் பாதி வேலை நேரம்கூட ஓடாது. 5 லிட்டர் தண்ணீர்ப் பானையை வண்டியிலோ வரிசை முனையிலோ வைத்துவிட்டு, போத்தலை அதிலிருந்து நிரப்பிக்கொள்வதுதான் வழி. தாகம் எடுத்த பிறகு ஒரே மூச்சில் ஒரு லிட்டர் இறக்குவதைவிட, ஒவ்வொரு சில குலைக்கும் பிறகு கொஞ்சம் குடிப்பது மேல். வயிறு கனக்காது, குமட்டாது.

ஒவ்வொருவரும் இழப்பது வேறு. அதை அறிய ஒரு நாள் மட்டும் ஒரு சோதனை செய்தால் போதும். வேலைக்குப் போகும் முன் கழிப்பறைக்குப் போய்விட்டு, உள்ளாடையோடு எடை பாருங்கள். திரும்பி வந்ததும் வியர்வையைத் துடைத்து, ஈரத் துணியைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர். 68 கிலோவில் போனவர் 66.8-இல் வந்தால், குடித்ததற்கு மேல் 1.2 லிட்டர் பற்றாக்குறை. அடுத்த நாள் அந்த அளவைக் கூட்டிக் கொண்டுபோக வேண்டும். உடல் எடையில் 2 சதவீதம் இழந்தால் வேலைத் திறனும் கவனமும் குறையத் தொடங்குகின்றன. உயரத்தில் அரிவாளை நிமிர்த்திப் பிடிக்கும் வேலையில் கவனம் குறைவது சின்ன விஷயமில்லை. எடை கூடி வந்தால்? அளவுக்கு மீறிக் குடித்துவிட்டீர்கள் என்று பொருள்.

வியர்வையோடு உப்பும் போகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 1 முதல் 4 கிராம், ஆளுக்கு ஆள் மாறும். சட்டை காய்ந்தபின் முதுகில் வெள்ளைக் கோடு விழுகிறதென்றால் நீங்கள் அதிகம் இழக்கும் வகை. ஒழுங்காகப் பசியாறிவிட்டு, மதியம் குழம்புச் சோறு சாப்பிடுபவருக்கு அந்த உப்பு சாப்பாட்டிலேயே திரும்பி வந்துவிடும். உப்பு மாத்திரை தேவையில்லை. பசியாறாமல் ஓடிப்போய், மதியம்வரை வெறும் தண்ணீரிலேயே ஓட்டுபவருக்குத்தான் சிக்கல்.

தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் பலர் தண்ணீரைக் குறைத்துக்கொள்வதற்குக் காரணம் அறியாமை அல்ல, காட்டில் கழிப்பறை இல்லாதது. அவர்களிடம் "நிறையக் குடியுங்கள்" என்று சொல்வதில் பயனில்லை. நிர்வாகம் நடமாடும் கழிப்பறை வைப்பதுதான் தீர்வு. அதுவரை, பிரட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு கிளாஸ் குடித்து, கிளம்பும்போது கழித்துவிட்டுப் போவது ஓரளவு உதவும். காட்டில் ஊற்றிக்கொள்ளும் தண்ணீரில் பெரும்பகுதி வியர்வையாகத்தான் போகும்.

அளவுக்கு மீறினால்

நல்ல சிறுநீரகத்தால் மணிக்கு 800 மில்லி முதல் ஒரு லிட்டர்வரைதான் நீரை வெளியேற்ற முடியும். அதற்கு மேல் தொடர்ந்து ஊற்றினால் ரத்தம் நீர்த்துப்போகும். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பின் முக்கியப் பகுதி, லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்குவதைச் சோடியம் குறைவு என்கிறார்கள். மாங்காய் ஜாடியின் தலைகீழ் நிலை இது. மூளை செல்கள் உப்பத் தொடங்கும்.

2002 போஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அவர்களில் பலர் ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள்.

தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு. சோடியம் குறைவின் அறிகுறிகள் வெயில் மயக்கத்தின் அறிகுறிகளைப் போலவே இருக்கின்றன என்பதுதான் இதன் கெட்ட குணம். மயங்கியவருக்கு அக்கறையோடு இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். அவர் காலையிலிருந்து குடித்துக்கொண்டே இருந்தாரா, அடிக்கடி வெள்ளைச் சிறுநீர் போனாரா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆள் பேச்சுக் குழம்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பு கொதித்தால் ஈரத் துணியும் விசிறியும் கொண்டு குளிர்வித்தபடி, 999-ஐ அழையுங்கள்.

வயிற்றுப்போக்கு கண்டவருக்கு வெறும் தண்ணீர் போதாது என்பதும் இதே காரணத்தால்தான். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில், மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பு. குவியலாக அள்ளக் கூடாது. குடல் சீனியோடு சேர்த்துத்தான் உப்பை வேகமாக உள்ளே இழுக்கும், உப்பின் பின்னால் நீர் போகும். சீனி ருசிக்காகப் போடப்படுவதல்ல. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். நல்ல பானம்தான், ஆனால் இதற்கு ஈடாகாது.

"கழிவை அடித்துக்கொண்டு போகும்"

கால்வாயில் தேங்கிய குப்பையை வாளி வாளியாக நீர் ஊற்றித் தள்ளுவது போல, குடித்த நீர் உடம்பின் அழுக்கைத் தள்ளும் என்று நினைக்கிறோம். சிறுநீரகம் வாய்க்கால் அல்ல, சலிக்கும் இடம். ஒரு நாளைக்கு 180 லிட்டர் திரவத்தை அது ரத்தத்திலிருந்து சலித்து எடுக்கிறது. அதில் 99 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கழிவோடு வெளியேற்றுகிறது. கழிவைக் கரைத்து அனுப்ப நாளுக்கு அரை லிட்டர் சிறுநீரே அதற்குப் போதும். நீங்கள் கூடுதலாக இரண்டு லிட்டர் குடித்தால் அதே கழிவு, அதிகத் தண்ணீரில் கரைந்து போகும். அவ்வளவுதான்.

ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமான 631 பேரில் ஒரு பகுதியினரைக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வைத்துப் பார்த்த கனடா ஆய்வு 2018-இல் வந்தது. ஓராண்டு கழித்தும் சிறுநீரகம் தேய்வது அதனால் குறையவில்லை.

ஆனால் தண்ணீர் உண்மையிலேயே மருந்தாகும் இடம் உண்டு. சிறுநீரகக் கல் ஒருமுறை வந்தவர்கள் 199 பேரை இத்தாலியில் ஐந்தாண்டு கவனித்தார்கள். நாளுக்கு இரண்டு லிட்டர் சிறுநீர் போகும்படி குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கு மறுபடி கல் வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கு. கெட்டிப் பாகில் கற்கண்டு உறையும், நீர்த்த பாகில் உறையாது. காரணம் அதேதான். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் பெண்களுக்கும் பலன் உண்டு. வழக்கமாகக் குறைவாகக் குடித்துவந்த 140 பெண்களில் பாதிப்பேர் தினமும் ஒன்றரை லிட்டர் கூட்டினார்கள். அந்த ஆண்டில் அவர்களுக்குத் தொற்று சராசரியாக 1.7 முறை வந்தது, கூட்டாதவர்களுக்கு 3.2 முறை.

ஆக, ஆரோக்கியமான சிறுநீரகத்துக்குக் கூடுதல் நீர் சோப்பு ஆகாது. கல்லுக்கும் நீர்க்கடுப்புக்கும் அது நல்ல தடுப்பு.

கொழுப்பு எந்த வழியாக வெளியேறுகிறது?

நெய் உறைந்த தட்டில் வெந்நீரை ஊற்றினால் நெய் உருகி ஓடும். வெந்நீர் குடித்தால் தொப்பை உருகும் என்ற நம்பிக்கை அந்தக் கழுவுதொட்டியிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். குடித்த வெந்நீர் வயிற்றுக்குப் போய்ச் சிறிது நேரத்தில் 37 டிகிரியை நெருங்கிவிடும். தொப்பைக் கொழுப்பும் அதே 37 டிகிரியில்தான் இருக்கிறது. அது குடலில் ஒட்டியிருக்கும் பிசுக்கும் அல்ல. செல்களுக்குள் பூட்டி வைத்த எரிபொருள்.

எரிபொருள் தீர ஒரே வழி, எரிப்பது. எரிந்தபின் அது எங்கே போகிறது என்பதுதான் வேடிக்கை. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, 1.6 கிலோ நீராகிறது. இளைத்தவர்கள் தங்கள் கொழுப்பைப் பெரும்பாலும் ஊதித்தான் வெளியேற்றியிருக்கிறார்கள்.

ஐஸ் தண்ணீரைச் சூடாக்க உடம்பு கலோரி செலவிடும், ஆகவே இளைக்கும் என்பது இன்னொரு கட்சி. கலோரி என்பது இங்கே ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்றும் வெப்பம். 5 டிகிரியில் இருக்கும் அரை லிட்டரை 37 டிகிரிக்குக் கொண்டுவர 16 கலோரி. ஒரு ரொட்டி சானாய் ஏறக்குறைய 300 கலோரி. ஒரு ரொட்டியை ஈடுகட்ட ஒன்பது லிட்டருக்கு மேல் ஐஸ் தண்ணீர் குடிக்க வேண்டும், அதற்குள் சோடியம் குறைவு வந்துவிடும்.

அப்படியென்றால் எடைக்கும் தண்ணீருக்கும் தொடர்பே இல்லையா? இரண்டு இடத்தில் உண்டு.

தே தாரேக்கின் இடத்தில் தண்ணீர்

முதலாவதும் பெரியதும் இதுதான். தண்ணீர் எதையும் எரிக்காது. அது பிடிக்கும் இடத்தில் வேறு என்ன இருந்திருக்கும் என்று பாருங்கள்.

கெட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 20 கிராம், 65 கலோரி. அதில் பாதிக்கு மேல் சீனி. இரண்டு கரண்டி விழுந்த தே தாரேக்கில் பாலிலிருந்து மட்டும் 130 கலோரி. கடைக்காரர் கை தாராளமாக இருந்தால் மூன்று கரண்டி. காலை ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றால் நாளுக்கு 390. சோறும் ரொட்டியும் இந்தக் கணக்கில் சேரவில்லை. 320 மில்லி கோலா டின்னில் ஏறக்குறைய 34 கிராம் சீனி, மேலும் 136 கலோரி. நீரில் கரைந்த இந்தக் கலோரிக்கு வயிறு கணக்கு வைப்பதில்லை. தே தாரேக் குடித்துவிட்டோமே என்று யாரும் அரை ரொட்டியைத் தட்டில் விடுவதில்லை.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி. அந்த மூன்று தே தாரேக்கும் தே ஓ கோசோங்காகவோ (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) ஆயர் சுவாமாகவோ (வெதுவெதுப்பான வெறும் நீர்) மாறினால் மாதத்துக்கு 11,700 கலோரி மிச்சம், காகிதத்தில் ஒன்றரை கிலோ. நடப்பில் இதைவிடக் குறையும். எடை இறங்க இறங்க உடம்பும் செலவைச் சுருக்கும், வேறு பசியும் தலைகாட்டும். பாதி நடந்தாலும் எந்த வெந்நீர் வைத்தியமும் இதன் பக்கத்தில் நிற்காது.

ஒரேயடியாக விட முடியாதவர்கள் "கூராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்று கேட்டு ஆரம்பிக்கலாம். ஆனால் அது எவ்வளவு குறைவு என்பது கடைக்காரர் கையில்தான் இருக்கிறது. "பால் ஒரு கரண்டி" என்று எண்ணிச் சொல்வது நல்லது. இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும், பழைய தே தாரேக் திகட்டும். டின், போத்தல் பானங்களுக்கு லேபிள் இருக்கிறது. 2019 ஜூலை 1 முதல் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள கோலா போன்ற பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டார்கள். அந்த 5 கிராம் என்ற எல்லையை வீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். அசாம்பொய் போட்ட எலுமிச்சைச் சாறு, சிராப், ஐஸ் மைலோ எல்லாம் இதே வரிசைதான். ஐஸ் போட்டால் இனிப்பு நாக்குக்குக் குறைவாகத் தெரியும் என்பதால் அவற்றில் சீனி கூடவே விழும்.

இரண்டாவது இடம் சாப்பாட்டுக்கு முன். வயிறு விரிந்தால் நிறைந்துவிட்டது என்ற செய்தி மூளைக்குப் போகிறது. 2010-இல் வந்த ஆய்வில், 55 முதல் 75 வயதுள்ள 48 பேர் உணவைக் குறைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஒவ்வொரு வேளைக்கும் முன் 500 மில்லி தண்ணீரும் குடித்தார்கள். 12 வாரத்தில் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஏறக்குறைய 2 கிலோ அதிகம் குறைந்தது. இங்கிலாந்தில் 84 பேரிடம் செய்த இன்னோர் ஆய்வில், 2015-இல், வேறுபாடு 1.3 கிலோ. பெரிய அதிசயம் இல்லை, ஆனால் செலவும் இல்லை. செய்முறை: சாப்பிட உட்காரும் முன் அரை மணிக்குள் இரண்டு கிளாஸ். ஒரு மணி நேரம் முன்பே குடித்தால் வயிறு அதைக் காலி செய்துவிடும். இளைஞர்களின் வயிறு இன்னும் வேகமாகக் காலியாவதால் அவர்களுக்குப் பலன் குறைவு.

தராசு சொல்லும் பொய்

சோற்றை நிறுத்திய முதல் வாரமே இரண்டு கிலோ இறங்கியது என்று மகிழ்வார்கள். கல்லீரலிலும் தசையிலும் மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றதும் சேமிப்பு கரைகிறது, பிடித்த நீரும் போகிறது. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் திரும்பி வந்துவிடும். பிளாஸ்டிக் உடை போட்டு ஓடி வியர்ப்பதும் இதே கணக்கு. அடுத்த நான்கு கிளாஸில் எடை திரும்பும், இடையில் வெயில் மயக்கம் வராமல் இருந்தால் சரி. வாரத்தில் ஒரே நாள், காலையில் கழித்தபின், பசியாறும் முன் எடை பார்த்து, நான்கு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லையென்றால்

வெயிலில் இல்லை, உப்பு அதிகம் சாப்பிடவில்லை, ஆனாலும் தாகம், அடிக்கடி சிறுநீர், கூடவே எடையும் தானாக இறங்குகிறது. "தண்ணி நிறைய குடிக்கிறேன், அதான் இளைக்கிறேன்" என்று இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. இது இனிப்பு நீரின் (நீரிழிவின்) அடையாளமாக இருக்கலாம். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமோலைத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் வழியத் தொடங்கும்; மாங்காயில் உப்பு செய்த வேலையைச் சர்க்கரை அங்கே செய்து நீரையும் இழுத்துக்கொண்டு போகும். 2019 தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் எல்லோரையும்விட அதிகம். அரசாங்க கிளினிக்கில் விரலில் ஒரு குத்து, சில நிமிட வேலை.

அளந்து குடிக்க வேண்டியவர்கள்

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தண்ணீரே வேண்டாம், தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது. இதயம் பலவீனமானவர்கள், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்கள், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் தங்கள் அளவை டாக்டரிடம் கேட்டே குடிக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் எந்த எண்ணும் அவர்களுக்குப் பொருந்தாது.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு, முதல் நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி. சிறுநீரே போகாதவருக்கு அந்த 500 மட்டும்தான். ரசமும் கோப்பியும் கஞ்சியும் ஐஸ் கட்டியும் அதற்குள் அடக்கம். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே குடித்த நீர் வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் கோத்து மூச்சு முட்டும். உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும். கருவாடும் ஊறுகாயும் சோயா சாஸும் முதலில் போக வேண்டும். வாய் காய்ந்தால் கொப்பளித்துத் துப்பலாம். சொந்தக்காரர்கள் பார்க்க வரும்போது உபசாரத்துக்கு நீட்டும் கிளாஸும் கணக்கில் ஏறும், ஆகவே நோயாளிக்கு எதுவும் ஊற்ற வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கணக்கு வைக்க எளிய வழி: காலையில் அன்றைய அளவை ஒரு போத்தலில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை அதிலிருந்து குடியுங்கள். ஒரு கப் கோப்பி குடித்தால் அதே கப்பால் போத்தலிலிருந்து ஒரு கப் எடுத்துக் கொட்டிவிடுங்கள். போத்தல் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.